பெயரும் முகவரியும் அடைக்கலப் பொருள்

ஊர்விட்டு வந்த நமக்குப் புதிய நகரத்தில் முதலில் எதிர்ப்படுவது விண்ணப்பத்தாள். குடியிருக்கும் வீட்டிற்கு ஒன்று, எரிவாயு இணைப்பிற்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. நம் பிள்ளைகள் பயிற்சி நிலையத்தில் சேரும்பொழுது நிரப்பித் தருவதோ இவை யாவற்றினும் நீண்டது.

தில்லியில் கரோல்பாக், பழைய ராஜேந்திர நகர்ப் பகுதிகளில் ஆட்சிப்பணித் தேர்வுக்குப் பயிற்சி தரும் நிலையங்கள் பல உள்ளன. நாம் அறிந்த திருநெல்வேலிச் சீமை இளைஞர் ஒருவர் அத்தகைய நிலையம் ஒன்றில் சேர்ந்தார். தகப்பனாரின் தொழில், ஆண்டு வருமானம், அவருடைய கைபேசி எண், ஆதார் நகல், போதாக்குறைக்கு நண்பர் மூவரின் பெயரும் எண்ணும் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் சென்றது. ஒருநாள் மாலை ஊரில் தகப்பனாருக்கு இந்தியில் ஓர் அழைப்பு வந்தது. மகனுடைய பெயர் மட்டுமே அவருக்கு விளங்கிற்று. தொலைதூரத்தில் பிள்ளையை விட்டிருப்பவர் அதனை எவ்வாறு பொருள் கொள்வார்? பையனுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று அஞ்சி, அன்றிரவு மகனோடு பேசும்வரை அவர் உணவு கொள்ளவில்லை. அழைத்தவன் கல்விக் கடன் விற்கும் தரகன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த எண் எவ்வழியே வெளிச்சென்றது? கன்னம் வைத்து எவனும் திருடியிருக்க வேண்டுவதில்லை. முன்மேசையில் வாங்கிய தாளை ஒருவர் கணினி அட்டவணையில் ஏற்றுகிறார். அதே அட்டவணை கட்டணம் வாங்குவோருக்கும், ஆசிரியருக்கும், ஆள் சேர்க்கும் தொலைபேசிப் பணியாளருக்கும் முழுமையாகப் போகிறது. குறுஞ்செய்தி அனுப்பும் வேலை வெளி நிறுவனத்திடம் விடப்படுகிறது. வேலையை விட்டு நீங்கும் ஊழியர் தம் கைபேசியிலேயே அதனைக் கொண்டு போகவும் கூடும். பூட்டுப் போட்ட பெட்டிக்குப் பத்துச் சாவி செய்து பத்துப் பேரிடம் கொடுத்த கதைதான் இது!

ஒழுங்காக நடைபெறும் நிலையத்தில் இவ்வாறு இராது. கட்டணம் வாங்குபவர் கட்டணக் கணக்கை மட்டும் காண்பார்; ஆசிரியர் பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் காண்பார். தகப்பனாரின் எண் அவசர வேளைக்கென மூடிக்கிடக்கும். யார், எப்பொழுது அதனைத் திறந்து பார்த்தார் என்பதற்குப் பதிவு இருக்கும். ஆதார் நகல் உண்மையிலேயே தேவைப்பட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் படிவத்தை ஆதார் ஆணையமே தருகிறது. பெரும்பாலும் அதுவே போதும். நண்பர் மூவரின் எண் எதற்கு என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தன்மறைவு ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. தாளில் எழுதிக் கொடுத்ததைப் பின்னர் கணினியில் ஏற்றினாலும் அச்சட்டம் பொருந்தும். விவரங்களைப் பெறும் நிறுவனத்தை அது ‘டேட்டா பிடூசியரி’ என்கிறது. பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காக்கும் கடமையுடையவர் என்பது அச்சொல்லின் கருத்து. நமக்கு இது புதிதன்று. புகாரை விட்டு மதுரைக்கு வந்த கண்ணகியைக் கவுந்தியடிகள் மாதரியிடம் ஒப்படைத்த பகுதிக்குச் சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே பெயர்.

இன்ன விவரம், இன்ன நோக்கத்திற்கு என்று நிறுவனம் முன்னதாக அறிவித்து இசைவு பெறவேண்டும் என்கிறது சட்டம். இசைவு கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் ஏறக்குறைய அவ்வளவு எளிதாக இருத்தல் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவராயின் பெற்றோர் இசைவு தேவை. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். பிறமாநிலத்தில் வாழும் நமக்கு இவற்றினும் பயனுடைய விதி ஒன்றுண்டு. அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை நிறுவனம் தரவேண்டும். தில்லியிலாயினும் மும்பையிலாயினும் தமிழில் கேட்க நமக்கு இடமுண்டு. இச்சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டன. அந்நாளுக்குக் காத்திராமல் கேட்பதற்கு எவரும் தடை சொல்லவில்லை.

நம் இளைஞர் தகப்பனாரின் எண்ணை நீக்கும்படி நிலையத்திற்குக் கடிதம் எழுதினார். நீக்கிவிட்டோம் என்று இரண்டு வாரத்தில் ஒரே வரியில் விடை வந்தது. முன்பே யார் யாருக்கு அது போயிற்று என்பதற்கு அதில் பதில் இல்லை. அழைப்புகள் குறைந்தனவேயன்றி நிற்கவில்லை. வேறு எண் வாங்கிக்கொள்ளலாமே என்று மகன் சொன்னதற்குத் தகப்பனார் இசையவில்லை. ஊரார் அனைவரும் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்ணாம் அது.