சீலைப்பேனும் கொடுங்காய்ச்சலும்



தலைப்பேனை நாம் அனைவரும் அறிவோம். அதன் இனத்தைச் சேர்ந்த சீலைப்பேன் ஆடையின் தையல் மடிப்புகளில் தங்கி, அங்கேயே முட்டையிட்டு, குருதி குடிக்க மட்டும் உடலுக்கு வருகின்றது. டைபஸ், அகழிக் காய்ச்சல், மீள்காய்ச்சல் ஆகிய மூன்று நோய்களின் நுண்ணுயிர்களை மனிதரிடையே பரப்புவது இச்சிற்றுயிரே. டைபாய்டு என்பது வேறு நோய், டைபஸ் வேறு.

டைபஸைப் பரப்புவது சீலைப்பேனே என்பதை 1909ஆம் ஆண்டில் கண்டறிந்தவர், துனிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தின் இயக்குநராயிருந்த சார்லஸ் நிக்கோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர். மருத்துவமனை வாயிலை அடையும்வரை டைபஸ் நோயாளியிடமிருந்து நோய் பிறரைப் பற்றியது. அவருடைய உடைகளை வாங்கி வைத்தவரையும், வெளுத்தவரையும் பற்றியது. குளித்து மாற்றுடை அணிந்து உள்ளே சென்றபின், பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்குக்கூட நோய் வரவில்லை. வாயிலில் களையப்பட்டது எது? ஆடையும் அதிலிருந்த பேனுமே! குரங்குகளிடம் சோதித்து இதனை மெய்ப்பித்த அவர், 1928இல் நோபல் பரிசு பெற்றார்.

நோயாளியின் குருதியைக் குடித்த பேனின் குடலில் ரிக்கெட்சியா என்னும் நுண்ணுயிர் பெருகி, மலத்தோடு வெளிப்படுகின்றது. அரிப்பெடுத்துச் சொறியும்போது நகக்கீறல் வழியே அது உடலினுள் புகுகின்றது. காய்ச்சலால் உடல் கொதித்தால் பேன் அவ்வுடலை நீங்கி அடுத்தவரை நாடும். இவ்வாறு நோய் பரவுகின்றது.

பேனின் பங்கு அறியப்படுமுன்பே, 1848இல் மேல் சிலேசியாவில் பஞ்சமும் டைபஸும் மக்களை வாட்டின. பிரஷ்ய அரசு அனுப்பிய மருத்துவர் விர்ச்சோ, அம்மக்களுக்கு வேண்டுவன கல்வியும் உரிமையும் வாழ்வளமுமே என்று அறிக்கை எழுதினார். மாற்றுடையும் நீரும் உள்ள இடத்தில் சீலைப்பேன் நிலைப்பதில்லை. போர்க்களத்திலும் சிறையிலும் ஏதிலியர் முகாமிலுமே அது பெருகுகின்றது. 1997இல் புருண்டி நாட்டில், உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்தோரின் முகாம்களில் டைபஸ் பெருநோயாய்ப் பரவியது.

ஆடையைக் கொதிநீரில் துவைத்து நன்கு உலர்த்தினால் பேனும் முட்டையும் அழியும். டாக்சிசைக்ளின் மருந்து டைபஸைக் குணப்படுத்தும்.

மனிதரைத் தொடுவதே தீட்டு என்னும் பொய்யைத் தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்தவர்கள் நாம். துனிஸ் மருத்துவமனை நோயாளியைத் துரத்தவில்லை. உடையை மாற்றி உள்ளே அழைத்துப் படுக்கை அளித்தது. அதனாலேயே உண்மை புலப்பட்டது. ஆகவே இளைஞர்களே, அழுக்கு எக்குலத்திற்கும் பிறவிக்குணம் அன்று என்பதை அறிவியலைக் கொண்டே எடுத்துரைப்போம். குடிநீரையும் நல்லுடையையும் பள்ளியையும் நம் உரிமையெனக் கேட்டுப் பெறுவோம்!