பல்கலைக்கழக வாயிலும் லயத்து வாசலும்
(தைப்பிங்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றப்பட்ட உரை)



இவ்வூரில் மழைக்குப் பஞ்சமில்லை. மரம் நனைந்து பால்வெட்டு நின்றதனால்தான் இத்தனை பேர் கூட முடிந்தது என்று எண்ணுகிறோம். அம்மழைக்கு நன்றி கூறிப் பொருளுக்கு வருகிறோம்.

உடற்குறையுடைய பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், விருந்தினர் வரும் வேளையில் அதனைப் பின்கட்டிலேயே இருத்திவிடும் வழக்கம் நாம் அறியாததன்று. அன்பின்மையால் எவரும் அவ்வாறு செய்வதில்லை. ஊரார் வாய்க்கு அஞ்சியே செய்கின்றனர். ஆயினும் அப்பிள்ளையின் படிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்றொருவர் இருந்தார். 14 வயதில் இளம்பிள்ளைவாதம் கண்டு, கழுத்துக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று. இரவில் மூச்சுவிட, ஆளையே உள்ளே கிடத்தும் பெரிய இரும்புக் கூடு ஒன்று தேவைப்பட்டது. வேலைக்கே தகுதியற்றவர் என்று கூறி, அம்மாநில மறுவாழ்வு இலாகா அவருக்கு உதவ முதலில் மறுத்தது. போராடி, 1962இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாணவர் விடுதி அக்கூட்டின் எடையைத் தாங்காது என்பதால், பல்கலைக்கழக மருத்துவமனையின் ஓர் அறையே அவருக்கு விடுதியாயிற்று. பின்னர் அவரைப் போன்ற வேறு மாணவர்களும் அங்கு வந்து சேர்ந்தனர். அவர்களின் முயற்சியால் 1970இல் உடற்குறையுடைய மாணவர்க்கான உதவித் திட்டம் ஒன்று அப்பல்கலைக்கழகத்தில் தோன்றியது. 1975இல், முன்பு தம்மைத் தகுதியற்றவர் என்ற அதே இலாகாவுக்கு ராபர்ட்ஸ் தலைவராக நியமிக்கப்பட்டார்! இதனை நினைக்குந்தோறும் நமக்குச் சிரிப்பும் வருகிறது, மதிப்பும் வருகிறது.

பிரிட்டனில், தாமே முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த மைக் ஆலிவர் என்னும் பேராசிரியர் இவ்வாராய்ச்சியை வேறொரு திசைக்குத் திருப்பினார். குறை உடலில் இருக்கலாம். ஆனால் மனிதனை முடக்குவது சுற்றியுள்ள அமைப்பே என்பது 1980களில் அவர் வற்புறுத்திய கருத்து. லயத்து வாசலில் ஓடும் கால்வாயை எண்ணிப் பாருங்கள். சக்கர நாற்காலி அதனைக் கடக்க முடியாது. கால்களைக் குணப்படுத்த எந்த மருத்துவராலும் இயலாமற் போகலாம். கால்வாயின் மேல் அகலமான பலகை ஒன்றைப் போட யாராலும் இயலும்.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. கண்பார்வையற்ற பொருளாதாரப் பேராசிரியர் டாக்டர் இஸ்மாயில் முகமட் சாலே நாடாளுமன்ற மேலவையில் அமர்ந்தார். 2008 சூலை 7இல் மாற்றுத் திறனாளிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குறையைக் காரணங்காட்டி எவரையும் கல்வியினின்று விலக்கலாகாது என்பதும், கட்டட வசதி, கருவிகள், கற்பிக்கும் முறை ஆகியவற்றை அவர்க்கேற்ப அமைக்க வேண்டும் என்பதும் அதன் 28ஆம் பிரிவு. 2010இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் மலேசியா ஏற்று உறுதி செய்தது.

ஒன்றை மறைக்காமல் கூறிவிடுகிறோம். 2008இல் நிறைவேறிய வடிவில் அச்சட்டத்தை மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் பிரிவு இல்லை. நம் பல்கலைக்கழகச் சட்ட ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டி வரும் குறை இது. ஏட்டில் உரிமை இருந்தும், மாடிப்படியின் அடியில் நிற்கும் மாணவனுக்கு அது எட்டவில்லை என்றால், ஆராய்ச்சியாளர்கள் உரக்கப் பேசுவதே முறை என்பது நம் கருத்து.

ஆனால், வீட்டிலேயே மறைந்திருக்கும் பிள்ளையை எந்த ஆய்வும் கணக்கில் கொள்ளாது. எந்தச் சலுகையும் தேடி வாராது. பதிவு கட்டாயமில்லை என்பதால் பலர் விட்டுவிடுகின்றனர். பதிந்தோர்க்கு ஓ.கே.யு. அட்டை கிடைக்கும். உயர்கல்வி அமைச்சு உடற்குறையுடைய மாணவர்க்கு வழங்கும் கட்டண உதவிக்கும் மாதப் படிக்கும் இவ்வட்டை வேண்டும். வேலையில் அடிபட்டுக் கையோ கண்பார்வையோ இழந்த தொழிலாளருக்கும் இவ்வட்டை உண்டு. அது சொக்சோ இழப்பீட்டினின்று வேறானது. இரண்டையும் ஒன்றென எண்ணி ஒன்றை இழந்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. சமூக நல இலாகாவில் விண்ணப்பத் தாளைப் பெற்று, தைப்பிங் மருத்துவமனையில் மருத்துவரின் உறுதிமொழியை வாங்கி, பிறப்புச் சான்றிதழ், புகைப்படம் ஆகியவற்றுடன் இலாகாவிடமே ஒப்படைக்க வேண்டும். எழுதத் தயங்கும் தாய்மார்கள் இவ்வுரை முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள்; தாளை நாமே உடனிருந்து நிரப்பித் தருகிறோம். பிள்ளையையும் அழைத்து வந்திருந்தால், பின்னால் நிறுத்தாமல் உங்களோடு முன்னே அழைத்து வாருங்கள்.