சங்கு தீர்த்தமும் சோதனையும்

திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்திலே பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. 2011 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் தோன்றியது. "கடல்வாழ் உயிர் நன்னீர்க் குளத்திற் பிறக்குமோ? சோதித்துக் காட்டுங்கள்" என்று இளைஞர் ஒருவர் எம்மை வினவினார். வினாவில் குற்றமில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒன்றை நூறுமுறை செய்து பார்க்கலாம். இங்கோ ஓர் ஆயுளில் ஐந்தாறு முறையே காணக்கூடும். நாளையும் முன்னறிய இயலாது. கரைசேர்ந்த பின்னரே கையிலெடுக்கலாம். ஆகவே மெய்ப்பிக்கப்பட்டது என்று யாமும் மேடையில் முழங்குவதில்லை. பொய்யென்பாரும் சோதித்துச் சொன்னாரல்லர்.

மலைமேல் நண்பகலில் அமுதுண்ட கழுகுகளோ நாள்தோறும் வந்தன. அவையும் 1990களின் இறுதியில் நின்றுவிட்டன. அவ்வினமே நாடெங்கும் அருகிவிட்டது. வந்த காலத்தில் சர்க்கரைப் பொங்கலைச் சில நாள் நிறுத்தியிருந்தால், பசி அழைத்ததா, பத்தி அழைத்ததா என்று ஒருவாறு தெரிந்திருக்கும். ஆனால், நிறுத்துவதற்கு எந்தக் குருக்களுக்கு மனம் வரும்?