கொடுத்தது வாளி!

தாழங்குப்பத்து, நெட்டுக்குப்பத்து உறவுகளே, தாய்மார்களே!

போன வாரம் ஏ.சி. அரங்கில் ஒரு பெரிய மனிதர் பேசியிருக்கிறார். "ராத்திரியில் வெயில் இல்லை, காற்றுக்கு நேரங்காலம் இல்லை, ஆகவே எண்ணெய்தான் கதி." அவ்வளவுதானய்யா அவர்கள் விஞ்ஞானம்! ராத்திரியில் வெயில் அடிக்காது என்பது நம்ம வீட்டுக் கோழிக்கே தெரியும். அதற்கு எவனும் சால்வை போர்த்தவில்லை.

அவர் பெட்ரோல் கணக்குச் சொன்னார். நான் எண்ணூர்க் கணக்குச் சொல்கிறேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் சனம் இறங்குகிற தண்ணீர் கறுப்பு. கூழைக்கடா இறகெல்லாம் பிசின். அள்ளியது யார்? ஆலைக்காரனா? நாம்! கையில் என்ன இருந்தது? வாளியும் மக்கும்! நிவாரணம், மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000. வலை என்ன விலை விற்கிறதென்று அந்தப் பெரிய மனிதரைக் கேளுங்கள்.

"டீசல் படகில் போய்க்கொண்டே டீசலைத் திட்டுகிறாயே" என்கிறார்கள். ஆமாம், போகிறேன்! வேறு எஞ்சின் கொடுத்தாயா? கொடுத்தது வாளி!

நார்வேயைப் பாருங்கள். கடலுக்கடியில் எண்ணெய் எடுத்து ஊருக்கெல்லாம் விற்கிற நாடு. 2024-இல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது, கிட்டத்தட்ட, பேட்டரி வண்டி. சாராய வியாபாரி குடிக்கமாட்டான், குடிக்கிறவன் நாம்! நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85-க்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு.

இங்கே காற்றுக்கா பஞ்சம்? ஆடியில் காற்றாலைக் காடான முப்பந்தலில் போய் நின்று பாருங்கள், வேட்டி நிற்காது. தமிழ்நாட்டுக் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியாயிற்று. அந்தக் காற்றிலேயே, கம்பியில் ஏற்ற வழியில்லை, காற்றாலையை நிறுத்து என்று சொன்ன வருஷங்களும் உண்டு! காற்று வந்தது, கம்பி வரவில்லை. பழி காற்றின் மேல்!

விமானத்துக்கும் கப்பலுக்கும் நாளாகும், இருக்கட்டும். பஸ்ஸுக்கு என்ன கேடு? 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் கிளம்பின. பாதி வழியில் படுத்துவிட்டனவா?

அதே வருஷம் ராமநாதபுரத்தில் எண்ணெய் தேடி 20 ஆய்வுக் கிணறு தோண்ட அனுமதி! கொடுத்தது மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம், விடமாட்டோம் என்றவர் மாநில அமைச்சர். இதில் யாருக்கு யார் எதிர்க்கட்சி? தோண்டட்டும், கசியட்டும், அந்த ஊர்க்காரனுக்கும் ஒரு வாளி கொடுத்துவிடலாம் என்று நினைப்பா?

தேர்தலுக்குத் தேர்தல் கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: ஆடிக் காற்று மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பேட்டரிக்கு எத்தனை கோடி, எந்த வருஷத்துக்குள்? பதில் சொல்லாதவனுக்கு நம்ம குப்பத்தில் ஒரு டீகூட வாங்கிக் கொடுக்காதீர்கள்.