நாவில் உறையும் நதி

(மேலநீலிதநல்லூர் – நவராத்திரிச் சொற்பொழிவு)



கல்விக்குத் தெய்வமாகிய கலைமகள், இருக்கு வேதத்தில் முதற்கண் நதியாகவே போற்றப்பெறுகின்றாள். தாயாகவும், ஆறாகவும், தேவியாகவும் அவளை ஒருங்கே ஏத்துகின்றது அம்மறை. அவ்வேதத்திலேயே 'வாக்கு' என்னும் சொல்லின் தெய்வமும் தனியே விளங்குகின்றாள். பத்தாம் மண்டலத்தின் 125ஆம் சூக்தத்தில் அத்தெய்வமே தன் பெருமையைத் தானே மொழிகின்றாள். அதனைக் கண்டருளிய இருடி, அம்பிருணரின் திருமகளாகிய வாகாம்பிருணி என்னும் பெண்மணியாவார். பின்னெழுந்த பிராமண நூல்கள், வாக்கே சரசுவதி என இருவரையும் ஒன்றாக்கின. வீணையும் ஏடும் வெண்டாமரையும் அவட்குப் பிற்காலத்தே உரியவாயின.

அம்மண்டலத்தின் 71ஆம் சூக்தம் சொல்லின் இலக்கணத்தை அழகுற விளக்குகின்றது. மாவைச் சல்லடையிலிட்டுச் சலிப்பதுபோலச் சான்றோர் சொல்லை உள்ளத்தாற் சலித்து வழங்குவர். அங்கே நட்பு மலரும். உடன்பயின்ற நண்பனைக் கைவிட்டவனுக்கோ வாக்கில் பங்கில்லை. அவன் கேட்ட கேள்வியும் வீணே என்பது அதன் கருத்து. அன்பு நீங்கிய கல்வி பயனற்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழகத்திலும் இந்நெறியே விளங்குகின்றது. மதுரையில் கலைநியமத்து உறைந்த சிந்தாதேவி, நள்ளிரவில் பசித்து வந்தோர்க்கு ஈய ஏதுமின்றி வருந்திய ஆபுத்திரனுக்கு அமுதசுரபியை அளித்தாள் என்கிறது மணிமேகலை. கலைத்தெய்வம் அளித்தது ஏடன்று. பிறர் பசி தீர்க்கும் பாத்திரம்!

பொருநைக் கரையிலுள்ள திருவைகுண்டத்திலே 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய குமரகுருபர அடிகள், ஐந்து வயது வரை பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் வாய்திறந்து பாடினார் என்பது மரபு. பின்னர்க் காசியில் கலைமகளை வேண்டிச் 'சகலகலாவல்லி மாலை' பாடினார். பெற்ற சொல்வன்மையைத் தமக்கெனக் கொள்ளாது, காசியில் திருமடம் நிறுவி அறம் வளர்த்தார்.

பேசாத பிள்ளையைப் பெற்றோர்க்கே ஒரு சொல்லின் அருமை தெரியும். எளிதிற் பேசுவோர் அதனை மறந்து, சுடுசொல்லால் மனையையும் உறவையும் எரிக்கின்றனர். சரசுவதி பூசையன்று ஏடுகளை அடுக்கி வணங்கும் கைகள், மறுநாள் அவற்றைக் கல்லாத ஒரு பிள்ளைக்கு விரித்துக் காட்டுமாயின், நாவும் சொல்லைச் சலித்து வழங்குமாயின், அதுவே வாக்தேவிக்கு உகந்த வழிபாடாகும்.

கலைமகள் திருவடி போற்றி!