வைத்தியர் இல்லாத ஊரில் 88 நாட்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“பயணம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கோ, பிள்ளைகளும் இருப்பினம், வைத்திய விரிவுரை ஆக்கிப்போடாதேங்கோ” என்று சங்கத் தலைவி சொல்லியிருந்தார். பயணத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம். வைத்தியமும் கொஞ்சம் வரும். அதைத் தவிர்க்க முடியவில்லை. நாங்கள் என்று சொல்வது எங்கள் வீட்டில் இருக்கும் இருவரையும் சேர்த்து. ஒருவர் இந்தப் பாடசாலையில் படித்து, இப்போது இங்கிலாந்தில் குடும்ப வைத்தியராக இருப்பவர். மற்றவர் பொறியியலாளர், அவர் படித்த பாடசாலையின் பெயரை இந்த மேடையில் சொன்னால் பின்வரிசையில் கூச்சல் எழும்.

2023 மார்ச் முதல் வாரம் தொடங்கி மே முடிவு வரை, பிரான்சின் தென்மேற்கே லொட் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் வீடு எடுத்து இருந்தோம். மொத்தம் 88 நாட்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்கலாம். இரண்டு நாளைக் கைகாவலாக விட்டோம். எந்தக் கடவுச்சீட்டு கிடைத்தாலும் விசா விடயத்தில் எங்கள் ஆட்களுக்கு இருக்கிற பயம் போகாது.

பிரான்ஸ் என்றால் உங்களில் பலருக்கு லா சப்பல் கடைத்தெருவும் அங்கிருக்கும் சொந்தக்காரரும்தான் நினைவுக்கு வரும். நாங்கள் போன ஊருக்கு பாரிசிலிருந்து கஓர் நகரம் வரை ரயிலில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல், அதன் பிறகு காரில் முக்கால் மணித்தியாலம். இருபது வருடம் ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு மூன்று மாத லீவு கிடைத்தது. ஆட்கள் அதிகம் இல்லாத ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எங்களுக்கு இருக்கவில்லை.

போய் இறங்கிய மறுநாளே மண் எங்களுக்குப் பழக்கமானதாகத் தெரிந்தது. அந்த மேட்டுநிலம் முழுவதும் சுண்ணக்கல். மழை பெய்தால் தண்ணீர் ஓடாது, கீழே இறங்கிவிடும். மேலே ஆறில்லை, கீழே ஆறிருக்கிறது. அதே மாவட்டத்தில் பதிராக் என்று ஒரு பெரும் பிலம் இருக்கிறது. 1889இல் எடுவார் அல்பிரட் மார்தெல் என்பவர் முதன்முதலாக அதற்குள் இறங்கி ஆராய்ந்தார். இன்று நிலத்துக்குக் கீழே நூறு மீற்றர் ஆழத்தில் ஓடும் அந்த ஆற்றில் படகில் போகலாம். படகில் இருந்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நிலாவரைக் கிணறுதான் நினைவுக்கு வந்தது. வயலில் பொறுக்கிய கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகளும் நெடுந்தீவை நினைவூட்டின. பொறியியலாளர் அந்த வேலிகளுக்கு முன்னால் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு கிழமை வரும்.

வசந்தத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டோம், படங்களைத் தேநீர் நேரத்தில் காட்டுகிறோம். மார்ச்சில் கருவாலி மரங்களில் போன வருடத்துக் காய்ந்த இலைகளே தொங்கிக்கொண்டிருந்தன. வேலியோரத்து முட்செடிகள் மட்டும் இலை வருமுன் வெள்ளையாகப் பூத்தன. ஏப்ரலில் அங்கத்தைய குயில் கூவத் தொடங்கியது; இரண்டே சுரம், எங்கள் குயிலின் ஏற்றம் அதற்கு இல்லை. மே 11, 12, 13 ஆகிய நாட்களைப் பனிப் புனிதர்களின் நாட்கள் என்கிறார்கள். அது கழியுமுன் தக்காளிக் கன்று நடுபவனை ஊரே சிரிக்கும். ஊருக்கு அருகால் சந்தியாகோவுக்கு நடந்து போகும் பழைய யாத்திரைப் பாதை போகிறது. முதுகில் பையுடன் போகிறவர்களைக் கண்டபோது, சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்த எங்கள் பெரியம்மாவைப் பற்றி ஒரு யாத்திரிகருக்குச் சொன்னோம். எத்தனை நாள் என்று கேட்டார், ஒரு மாதத்துக்கு மேல் என்றோம். தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டுப் போனார்.

ஊரில் ஏறத்தாழ 200 பேர். பாதி வீடுகளின் யன்னல்கள் மூடியே கிடந்தன. உரிமையாளர்கள் நகரங்களில் இருக்கிறார்கள், ஓகஸ்ட் மாதம் வந்து திறப்பார்கள். பூட்டிய வீடுகளின் நடுவே வாழ்வது எப்படியென்று எங்கள் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்ரோபரில் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள்.

மே 8 அன்று, ஐரோப்பாவில் இரண்டாம் உலக யுத்தம் முடிந்த நாளில், ஊர் முழுவதும் நினைவுத்தூணின் முன்னால் கூடியது. பிரான்சில் இந்தத் தூண் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதலாம் யுத்தத்தில் இறந்தவர்களின் பெயர்கள்தான் அதில் அதிகம். ஒரே குடும்பப் பெயர் மூன்று தரம், நான்கு தரம். நகரபிதா ஒவ்வொரு பெயராக வாசிக்க, “பிரான்சுக்காக இறந்தார்” என்று ஒரு குரல் பதில் சொன்னது. மே மாதத்தில் நின்று பெயர்களைக் கேட்பது எங்களுக்கு எப்படியிருந்தது என்று இங்கே விளக்கவில்லை.

இனி வைத்தியம். அந்த ஊரில் வைத்தியர் இல்லை. இருந்தவர் ஓய்வுபெற்றுவிட்டார், அவருடைய பெயர்ப்பலகை மட்டும் சுவரில் இருந்தது. அடுத்த சிறுநகரத்தில் இருந்தவர் புதிய நோயாளிகளை எடுப்பதில்லை. பிரான்சில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வைத்தியரைப் பதிந்து வைக்க வேண்டும்; அப்படி ஒருவர் கிடைக்காதவர்கள் 2023இல் 60 இலட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். இது திடீரென்று வந்ததல்ல. 1971இல் மருத்துவ பீடங்களுக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்று எல்லை வைத்தார்கள். ஆரம்பத்தில் 8,500ஐத் தாண்டியிருந்த அந்த எண்ணிக்கை 1990களில் 3,500 அளவுக்கு இறங்கியது. வைத்தியர் குறைந்தால் செலவு குறையும் என்று யாரோ மேசையில் இருந்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அதிக எண்ணிக்கையில் படித்து வந்த தலைமுறை இப்போது ஓய்வுபெறுகிறது, அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை. எல்லையை 2020இல்தான் எடுத்தார்கள். வைத்தியர் ஒருவர் உருவாகப் பத்து வருடம் வேண்டும்.

எங்களில் ஒருவர் வைத்தியர் என்பது இரண்டாம் கிழமையே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நாட்டில் பதிவில்லாமல் வைத்தியம் பார்ப்பது குற்றம். பொன்ஜூர் சொல்லி வந்த ஒவ்வொருவருக்கும் அதை எங்கள் மாலை வகுப்புப் பிரெஞ்சில் விளக்கினோம். “கேட்க மட்டும் செய்யலாமா?” என்று ஒருவர் கேட்டார். கேட்டோம். வைத்தியத்தில் பாதி அதுதான்.

அடுத்த வீட்டில் 86 வயது அம்மா ஒருவர் தனியே இருந்தார். மகள் துலூசில். கடைசி நாள் வரை எங்களை ‘வூ’ என்றுதான் அழைத்தார், நாங்களும் அப்படித்தான். ‘வூ’ என்றால் எங்கள் ‘நீங்கள்’. இங்கிலாந்தில் முதல் நாளே ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கத்தை இன்னும் ஏற்காத எங்களுக்கு அது பெரிய ஆறுதல். கிழமையில் மூன்று நாள் பாண் வண்டி வரும். எங்கள் ஊர்ப் பாண் வண்டி போலப் பாட்டு இல்லை, ஹோர்ன் மட்டும். அந்தச் சத்தத்துக்கு எல்லாக் கதவும் திறக்கும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் பதினொன்று பத்துக்கு வண்டி வந்தது. அந்த அம்மா பாண் வாங்கினார், மழையைத் திட்டினார், உள்ளே போனார். அரை மணித்தியாலம் கழித்து முட்டை கொடுக்கப் போனபோது கதிரையில் சரிந்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை எழவில்லை, பேச்சு குழறியது. பாரிசவாதம். ஆபத்தில் இருப்பவருக்கு உதவாமல் விடுவதும் அந்த நாட்டில் குற்றம்தான். அது எல்லோருக்கும் பொது, வைத்தியப் பதிவு வேண்டாம். 15ஆம் இலக்கத்துக்கு எடுத்தோம். முதலில் ஒருவர் விலாசம் கேட்டார், உடனே வைத்தியர் ஒருவர் பேசினார். கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று கேட்டார். பதினொன்று பத்து என்றோம்.

முதலில் வந்து சேர்ந்தவர்கள் தீயணைப்பு வீரர்கள். பிரான்சில் ஐந்து பேரில் நான்கு பேர் தொண்டர்கள், வேறு தொழில் செய்பவர்கள். கதவுக்குள் வந்த மனிதர் யாரென்றால், எங்களுக்குப் பாற்கட்டி விற்கும் ஆட்டுப்பட்டிக்காரர்! அன்று அவருடைய கை நடுங்கவேயில்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள் போடப்பட வேண்டும். நகர வைத்தியசாலையில் இரண்டு மணிக்கு முன்னரே போட்டுவிட்டார்கள் என்று மகள் இரவில் சொன்னார்.

தலைவி மன்னிக்க வேண்டும், ஒரு நிமிடம் விரிவுரை. முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் நேரத்தைப் பாருங்கள். சோடா பருக்க வேண்டாம், குளிசை கொடுக்க வேண்டாம், படுத்து எழும்பினால் சரிவரும் என்று விடவேண்டாம். 2018 முதல் எங்கள் மாகாணத்திலும் 1990 அம்புலன்ஸ் சேவை இலவசமாக இருக்கிறது. அந்த இலக்கத்தை அம்மாவின் தொலைபேசிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

மூன்று கிழமையில் அவர் வீடு வந்தார். முதியோர் இல்லம்தான் என்று மகள் முடிவெடுத்திருந்தார்; அவரைக் குறை சொல்ல முடியாது. அம்மா தன் வீடு என்றார். குசினி மேசையைச் சுற்றி மகளும் தாதியும் நகரபிதாவின் உதவியாளரும் இருந்தார்கள், மொழிபெயர்ப்பே தேவைப்படாத அந்தச் சண்டையில் நாங்களும் இருந்தோம். அப்போது உதவியாளர் ஒரு கொப்பியை எடுத்தார். 2003 ஓகஸ்ட் வெக்கையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள், பலர் தனியே இருந்தவர்கள். அடுத்த வருடமே சட்டம் வந்தது: விருப்பம் தெரிவிக்கும் முதியவர்களின் பெயர்களை ஒவ்வோர் ஊரின் நகரபிதாவும் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். இந்த ஊரில் அது ஒரு பாடசாலைக் கொப்பி. பெயர், திறப்பு யாரிடம், எந்த நாளில் யார் எட்டிப் பார்ப்பது. அந்த அம்மாவின் பெயருக்கு நேரே ஏழு நாளுக்கும் ஏழு பெயர் எழுதினார்கள். காலையில் தாதி. செவ்வாய்க்கிழமை பாற்கட்டிக்காரர். மூன்று மாதத்துக்குப் பிறகு பார்ப்போம் என்று மகள் ஒத்துக்கொண்டார்.

நாங்கள் புறப்படும் வரை புதன்கிழமை எங்களுடையதாக இருந்தது. அவருடைய தக்காளிக் கன்றுகளை நட்டுக் கொடுத்தோம். நட்ட முறை பிழையென்று கதிரையில் இருந்தபடி ‘வூ’ போட்டுத் திட்டினார். இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். வலது கையால் பாண் வெட்ட முடியாது, வண்டிக்காரர் வெட்டிக் கொடுக்கிறாராம்.

திரும்பி வந்து எங்கள் வகுப்புத் தோழிகள் மூவருடன் ஒரு கொப்பி தொடங்கினோம். எங்களுக்குக் கற்பித்து ஓய்வுபெற்று, பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் இருக்க, இங்கே தனியே வாழும் ஆசிரியைகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. விடுதியில் சமைத்த இரண்டு அம்மாமாரையும் சேர்த்திருக்கிறோம். அவரவரிடம் கேட்டுத்தான் எழுதினோம். “எனக்கென்ன குறை” என்று மறுத்த ரீச்சர்மாரும் உண்டு, மறு கிழமை தாங்களே எடுத்துச் சேர்க்கச் சொன்னவர்களும் உண்டு. இப்போது 41 பெயர். வெளிநாட்டில் இருப்பவர் கிழமைக்கு ஒரு தரம் தொலைபேசியில் பேச வேண்டும், உள்ளூரில் இருப்பவர் ஒரு தரம் படலையைத் திறந்து பார்க்க வேண்டும். பேசுவதற்கு ஆட்கள் நிறையச் சேர்ந்துவிட்டார்கள். படலை திறக்கத்தான் ஆள் போதாது; ஆறு பெயருக்கு நேரே இன்னும் வெற்றிடம். அதில் ஒருவர் எங்கள் எல்லோருக்கும் கணிதம் படிப்பித்தவர்.

கொப்பி நூலக வாசல் மேசையில் இருக்கிறது, பேனையும் கட்டி வைத்திருக்கிறோம். தேநீருக்குப் போகிற வழிதான்.