ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு ராத்தங்கல்



மைசூருக்குச் சுற்றுலா போகும் நம் ஊர் வேன்கள் பெரும்பாலும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நின்றுதான் போகும். காவிரி இரண்டாகப் பிரிந்து அணைத்திருக்கும் தீவு. இங்குள்ள ஆதிரங்கம் கோயிலில் பெருமாளைச் சேவித்து, திப்பு சுல்தான் 1784இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வண்டி ஏறிவிடுவோம். சாப்பாடும் தங்கலும் மைசூரில்.

சுற்றுலாவால் யாருக்கு என்ன கிடைக்கிறது? 2023இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 95 லட்சம் பேர். அவர்களால் வந்த அந்நியச் செலாவணி இரண்டு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். நாட்டுக்கு இது பெரிய வரவு. ஆனால் ஊருக்கு?

மாளிகையின் நுழைவுக் கட்டணம் தொல்லியல் துறை வழியாக மத்திய அரசுக்குப் போகிறது. ஊரைப் பிழைக்க வைப்பது வாசலுக்கு வெளியே நாம் செலவழிக்கும் பணம்தான். உதாரணமாக, மாளிகையின் மேற்குச் சுவரைப் பாருங்கள். 1780இல் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த பொள்ளிலூர் போர் அங்கே ஓவியமாக விரிகிறது. வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது; காயம்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி கர்னல் பெய்லி பல்லக்கில் இருக்கிறார். வழிகாட்டி ஒருவர் விளக்கினால்தான் இதெல்லாம் புரியும். அவருக்கு நாம் தரும் பணம் மளிகைக் கடைக்குப் போகும், அங்கிருந்து மண்டியா வெல்லம் காய்ச்சுகிறவர் கைக்குப் போகும். ஒரே ரூபாய் பல வீடுகளில் உலை வைக்கிறது.

2023இல் திறந்த பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை ஊருக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போகிறது. பயண நேரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் போகிற வழியில் வந்துபோகிறவர்களை நம்பியே இனி இந்த ஊர் வியாபாரம் செய்ய முடியாது. தேடி வந்து தங்குகிறவர்கள் வேண்டும்.

தங்குவதற்குக் காரணமும் இருக்கிறது. பக்கத்திலேயே ரங்கனதிட்டு. பறவையியலாளர் சாலிம் அலி எடுத்துச் சொன்னதால் 1940இல் பறவைகள் சரணாலயமானது. 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்து ராம்சர் தளமானது. காலை வெயிலில் படகில் போனால், பாறைமேல் வாயைப் பிளந்து கிடக்கும் முதலையைக் கிட்டத்தில் பார்க்கலாம். மேலே மரக்கிளையில் நாரைகள் கூடு கட்டியிருக்கும்.

ஒரு ராத்திரி தங்கினால் அறை வாடகை, இரண்டு வேளைச் சாப்பாடு, ஆட்டோ, படகு என்று பணம் ஊருக்குள் புழங்கும். விடுதி பில்லில் சேரும் ஜி.எஸ்.டி. அரசுக் கஜானாவுக்கும் போகும். ஊரும் நாடும் சேர்ந்து வளர இதுதான் வழி. உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும், சிறு தங்குமிடங்களுக்குக் கடனும் கொடுத்து அரசு கைகொடுக்க வேண்டும். காவிரியில் குப்பை போடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அடுத்த மைசூர்ப் பயணத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒரு ராத்திரி ஒதுக்குங்கள்.